கிளவுட் சான்றிதழ் தேர்வு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கிளவுட் தேர்வுக்குப் படிப்பவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தும், படிக்க உதவியும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். பக்கமிருந்து வரும், நான் அதிகம் புழங்கியது அதில்தான். படிக்கும் முறை எல்லாத் தேர்வுக்கும் பொது.

கிளவுட் சர்டிஃபிகேஷன்னா என்ன? யார் நடத்துறாங்க?

கணினி, சேமிப்பிடம் போன்றவற்றை இணையம் வழியாக வாடகைக்குத் தருவதுதான் கிளவுட் சேவை. அதைத் தரும் நிறுவனங்களே நடத்தும் தேர்வுகள் இவை. அதிகம் பேர் எழுதுவது மூன்று நிறுவனங்களின் தேர்வுகளை: அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாஃப்டின் அசூர், கூகுள் கிளவுட். மூன்றிலும் படிகள் உண்டு. கீழே அடிப்படைத் தேர்வு, அதற்கு மேல் அசோசியேட், உச்சியில் புரொஃபெஷனல். அசூரில் மட்டும் உச்சிப் படியின் பெயர் எக்ஸ்பர்ட்.

கேள்விகள் பெரும்பாலும் கொள்குறி வகை. ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் (கிளவுட் அமைப்புகளை வடிவமைப்பவர்) அசோசியேட் தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிடம். ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி. புரொஃபெஷனல் என்றால் 75 கேள்விகள், 180 நிமிடம், தேர்ச்சிக்கு 750.

எனக்கு கோடிங் தெரியாது. எழுதலாமா?

தாராளமாக. ஆர்க்கிடெக்ட், அட்மினிஸ்ட்ரேட்டர் வகைத் தேர்வுகளில் நிரல் எழுதச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஜேசன் (தரவை எழுதும் ஒரு முறை) வடிவில் எழுதிய ஓர் அனுமதிக் கொள்கையைப் பார்த்து, இது யாருக்கு எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்று வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு வாரம் பழகினால் அது வந்துவிடும். கோடிங்கைவிட நெட்வொர்க் அடிப்படை இல்லாததுதான் பலரையும் கீழே இழுக்கிறது. அதைப் பற்றித் தனிக் கேள்வியே பின்னால் இருக்கிறது.

ஏ.டபிள்யூ.எஸ்., அசூர், கூகுள், எதுல ஆரம்பிக்கிறது?

உங்கள் அலுவலகம் எதைப் பயன்படுத்துகிறதோ அதில். தினமும் கண்ணில் படுகிற கன்சோலைவிட (சேவைகளை இயக்கும் இணையப் பக்கம்) நல்ல பாடப்புத்தகம் கிடையாது. இன்னும் வேலைக்குப் போகவில்லை என்றால், நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் வேலைகளின் அறிவிப்புகளில் இருபதை எடுத்துப் படித்து, எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒன்றை ஒழுங்காகக் கற்றவருக்கு இரண்டாவது பாதி நேரத்தில் வந்துவிடும். மூன்றையும் ஒரே சமயத்தில் தொட்டவர்கள் பெயர்களைக் குழப்பிக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடிப்படைத் தேர்வை விட்டுட்டு நேரா அசோசியேட் எழுதலாமா?

எழுதலாம். 2018 அக்டோபரிலேயே ஏ.டபிள்யூ.எஸ். முன்தகுதிக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. இன்று நேராக புரொஃபெஷனல் எழுதினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். அசூரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஆர்க்கிடெக்ட் எக்ஸ்பர்ட் சான்றிதழுக்கு ஏஇசட்-305 தேர்வு மட்டும் போதாது, அட்மினிஸ்ட்ரேட்டர் அசோசியேட் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

சர்வர், டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று ஏற்கெனவே வேலை பார்த்தவர் அடிப்படைத் தேர்வைத் தாண்டிப் போகலாம். விற்பனை, கணக்கு, திட்ட மேலாண்மை மாதிரி வேறு துறையிலிருந்து வருகிறவர் தாண்ட வேண்டாம். முதல் தேர்வில் ஜெயித்த தெம்பு அடுத்ததற்குக் கைகொடுக்கும். ஏ.டபிள்யூ.எஸ்.-இல் ஒரு தேர்வில் தேறினால் அடுத்த தேர்வின் கட்டணத்தில் பாதித் தள்ளுபடியும் உண்டு.

எவ்வளவு நாள் படிக்கணும்?

ஐ.டி. அனுபவம் உள்ளவர் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அசோசியேட்டுக்கு எட்டிலிருந்து பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நான் பக்கத்திலிருந்து பார்த்த கணக்கு. புதியவருக்கு இன்னும் ஒரு மாதம் கூடும்.

தேர்வுத் தேதியைப் படிக்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். "முழுசாத் தயாரானதும் பதிவு பண்றேன்" என்றவர்களில் பலர் இன்னும் பதிவு செய்யவில்லை.

வீடியோ கோர்ஸ் முழுசும் பார்த்துட்டேன். ஆனா மாதிரித் தேர்வுல பாதி மார்க் கூட வரல. ஏன்?

பார்த்தீர்கள், இன்னும் செய்யவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம். ஒருவர் விளக்கும்போது எல்லாம் புரிகிறது, திரையை அணைத்ததும் போய்விடுகிறது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதே வேலையை உங்கள் கணக்கில் நீங்களே செய்யுங்கள். அப்புறம் வேண்டுமென்றே அதைக் கெடுத்துப் பாருங்கள். ஓர் அனுமதியை எடுத்துவிட்டால் என்ன பிழைச்செய்தி வருகிறது? ரவுட் டேபிளில் (எந்தப் போக்குவரத்து எந்த வழியில் போகும் என்ற பட்டியல்) ஒரு வரியை அழித்தால் எது நிற்கிறது? கெடுத்துச் சரிசெய்த ஒன்று மறக்கவே மறக்காது.

இரண்டாவது, மாதிரித் தேர்வை மதிப்பெண்ணுக்காக எழுதாதீர்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: நான் தேர்ந்தது ஏன் தவறு, கேள்வியில் எந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டேன். குருட்டாம்போக்கில் சரியாகிப்போன கேள்விகளுக்கும் எழுத வேண்டும். எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். ஆனால் எழுதியவர்கள் ஒருவர்கூட அதை வீண் வேலை என்று சொன்னதில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் அந்த நோட்டைத் தவிர வேறு எதையும் படிக்கத் தேவையிருக்காது.

செஞ்சு பார்க்கச் சொல்றீங்க. பெரிய பில் வந்துடுமோன்னு பயமா இருக்கே?

நியாயமான பயம். கணக்கைத் தொடங்கிய அன்றே இரண்டு வேலை செய்யுங்கள். ரூட் கணக்குக்கு (எல்லா அதிகாரமும் உள்ள முதல் கணக்கு) இரட்டை அடையாளச் சரிபார்ப்பைப் போடுங்கள், ஒரு பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை தகவல்தான் சொல்லும், தானாக எதையும் நிறுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரகசியச் சாவியை (நிரல்கள் உங்கள் கணக்குக்குள் நுழையப் பயன்படும் கடவுச்சொல் மாதிரி) எந்தக் காரணத்துக்காகவும் பொதுவில் தெரியும் கிட் களஞ்சியத்தில் (நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம்) ஏற்றாதீர்கள். அப்படிக் கிடக்கும் சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பில் எகிறுவது பெரும்பாலும் மறந்துபோன பொருள்களால்தான். சர்வரை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைப்போம், அதனுடைய டிஸ்க்குக்குக் காசு ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்.டி.எஸ். (ஏ.டபிள்யூ.எஸ். பராமரித்துத் தரும் டேட்டாபேஸ் சேவை) டேட்டாபேஸை நிறுத்தி வைத்தால் 7 நாளில் தானாகவே மறுபடி எழுந்துவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி (இணையத்திலிருந்து தெரியும் முகவரி) ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. நாட் கேட்வே (தனி நெட்வொர்க்கில் உள்ள சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல்) வழியாக ஒரு பைட் கூடப் போகாவிட்டாலும் மணிக்கணக்கு ஓடும். இந்தக் கடைசிப் பாடம் என் சொந்த அனுபவம். ஒரு பயிற்சி முடிந்து சர்வரை மட்டும் அழித்துவிட்டு நாட் கேட்வேயை மூன்று வாரம் அப்படியே விட்டிருந்தேன். பட்ஜெட் எச்சரிக்கையை அதற்கப்புறம்தான் வைத்தேன், நீங்கள் முதல் நாளே வைத்துவிடுங்கள். ஒரே ரீஜனில் (தரவு மையங்கள் உள்ள ஒரு புவிப்பகுதி) மட்டும் பயிற்சி செய்து, நாள் முடிவில் எல்லாவற்றையும் அழித்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

இலவச வசதியின் கெடு இடத்துக்கு இடம் மாறும். 2025 ஜூலை நடுவிலிருந்து புதிதாகத் தொடங்கும் ஏ.டபிள்யூ.எஸ். கணக்குகளுக்குப் பழைய 12 மாத முறை கிடையாது. கிரெடிட் தருகிறார்கள், இலவசத் திட்டம் அதிகபட்சம் 6 மாதம். புதியவர்களுக்குத் தரும் கிரெடிட்டைச் செலவழிக்க கூகுளில் 90 நாள், அசூரில் 30 நாள். ஆகவே கணக்கை இன்றே தொடங்கிப் போட்டு வைக்காதீர்கள். பயிற்சி தொடங்கும் வாரத்தில் தொடங்குங்கள்.

இருநூறுக்கு மேல சர்வீஸ் இருக்கு. எல்லாத்தையும் படிக்கணுமா?

வேண்டாம். ஒவ்வொரு தேர்வுக்கும் அதிகாரப்பூர்வ வழிகாட்டி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்று அதில் இருக்கும். மேலே சொன்ன ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வின் சி03 பதிப்பில் பாதுகாப்புக்கு 30 சதவீதம், தாங்குதிறனுக்கு 26, செயல்திறனுக்கு 24, செலவுக் குறைப்புக்கு 20. சேமிப்பு, கணினி, டேட்டாபேஸ், நெட்வொர்க், அனுமதி, செய்தி வரிசை ஆகிய ஆறு குடும்பங்களில் உள்ள முக்கியச் சேவைகளை ஆழமாகப் படியுங்கள். மற்றவற்றுக்கு "இது எதற்கு, எப்போது" என்று ஒரே வரி தெரிந்தால் போதும்.

நாலு ஆப்ஷனும் சரியாத்தான் தெரியுது. எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல ஆசைப்படுவேன். நான்கு விடைகளில் இரண்டோ மூன்றோ உண்மையிலேயே வேலை செய்யக்கூடியவையாகத்தான் இருக்கும். "எது வேலை செய்யும்" என்பது அவர்கள் கேள்வி இல்லை. "இந்தக் கட்டுப்பாட்டுக்குள் எது பொருந்தும்" என்பதே கேள்வி. கட்டுப்பாடு பெரும்பாலும் ஒரே சொற்றொடரில் ஒளிந்திருக்கும்: மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த பராமரிப்பு வேலையில், நிரலை மாற்றாமல், தரவு எதுவும் தொலையாமல்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் எஸ்3-இல் (ஏ.டபிள்யூ.எஸ்.-இன் கோப்புச் சேமிப்புச் சேவை) படங்களைச் சேமிக்கிறது. முதல் 30 நாள் அடிக்கடி பார்ப்பார்கள், அப்புறம் மாதம் ஒருமுறை பார்த்தால் அதிகம். ஆனால் கேட்டவுடன் வந்துவிட வேண்டும், படம் தொலைந்தால் மறுபடி எடுக்க முடியாது. செலவு குறைய வேண்டும். விடைகள்: ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடுவது, 30 நாளுக்குப் பிறகு ஸ்டாண்டர்ட்-ஐஏ (ஐஏ என்றால் அரிதாக எடுக்கும் தரவுக்கான வகை), ஒன் சோன்-ஐஏ, டீப் ஆர்க்கைவ். நான்கும் படத்தைச் சேமிக்கத்தான் செய்யும். டீப் ஆர்க்கைவ்தான் மலிவு, ஆனால் அதிலிருந்து எடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை ஆகும். "கேட்டவுடன்" என்ற சொல் அதை வெளியே தள்ளுகிறது. ஒன் சோன் ஒரே ஒரு கிடைப்பு மண்டலத்தில்தான் (ரீஜனுக்குள் தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதி) தரவை வைக்கும். "மறுபடி எடுக்க முடியாது" என்ற சொல் அதையும் தள்ளுகிறது. மிச்சமிருப்பதில் செலவைக் குறைப்பது ஸ்டாண்டர்ட்-ஐஏ.

இப்போது அதே கேள்வியில், படங்களுக்குப் பதிலாக "மூலப்படத்திலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய சிறுபடங்கள்" என்று மாற்றுங்கள். விடை ஒன் சோன்-ஐஏ ஆகிவிடும். "ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு மட்டும், ஒரு நாள் காத்திருக்கலாம்" என்று மாற்றினால் டீப் ஆர்க்கைவ். மூன்று கேள்விக்கும் பாடம் ஒன்றுதான், ஒரு சொல் மாறியதும் விடை மாறிவிட்டது. நீங்கள் தவறவிட்ட கேள்விகளை இப்படி ஒரு சொல் மாற்றி மாற்றி நீங்களே எழுதிப் பாருங்கள். இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இதே ரகத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் டேட்டாபேஸ். ஆர்.டி.எஸ்.-இல் மல்டி-ஏஇசட் என்பது ஒன்று விழுந்தால் இன்னொன்று எழுந்து நிற்பதற்கு. வழக்கமான மல்டி-ஏஇசட் அமைப்பில் காத்திருக்கும் அந்தப் பிரதியிலிருந்து வாசிக்க முடியாது. ரீட் ரெப்ளிகா என்பது வாசிப்புச் சுமையைப் பகிர்வதற்கு. கேள்வி "அறிக்கை எடுக்கும்போது தளம் மெதுவாகிறது" என்றால் ரெப்ளிகா, "மண்டலம் செயலிழந்தாலும் ஓட வேண்டும்" என்றால் மல்டி-ஏஇசட்.

நெட்வொர்க்கிங் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது.

காகிதமும் பேனாவும் எடுங்கள். ஒரு பெரிய கட்டம், அது வி.பி.சி. (கிளவுடில் உங்களுக்கென்று உள்ள தனி நெட்வொர்க்). உள்ளே இரண்டு சின்னக் கட்டங்கள், அவை சப்நெட், அந்த நெட்வொர்க்கின் சிறு பகுதிகள்: ஒன்று பொது சப்நெட், மற்றது தனி சப்நெட். பொது சப்நெட்டை "பொது" ஆக்குவது எது? அதன் ரவுட் டேபிளில் இணைய கேட்வேக்குப் போகும் ஒரு வரி. அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி நெட்வொர்க்கிங் முடிந்தது. சப்நெட்டின் அளவைக் குறிக்கும் /24 என்றால் 256 முகவரிகள், ஏ.டபிள்யூ.எஸ். ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளைத் தனக்கு வைத்துக்கொள்ளும், உங்களுக்கு 251.

செக்யூரிட்டி குரூப்புக்கும் (சர்வருக்கான காவல் விதிகள்) நெட்வொர்க் ஏ.சி.எல்.-க்கும் (சப்நெட்டுக்கான காவல் விதிகள்) உள்ள வித்தியாசமும் அடிக்கடி கேட்கப்படுவது. செக்யூரிட்டி குரூப்புக்கு ஞாபகசக்தி உண்டு: உள்ளே விட்ட கோரிக்கைக்கான பதிலைத் தானாக வெளியே விடும். ஏ.சி.எல்.-க்கு ஞாபகம் கிடையாது, போகும் வழியையும் தனியாக அனுமதிக்க வேண்டும். பதில்கள் 1024 முதல் 65535 வரையுள்ள தற்காலிக போர்ட்டுகளுக்கு (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்கள்) போகும் என்பதை மறந்து வெளிவழியை மூடிவிட்டால், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், ஆனால் தளம் திறக்காது. ஒருமுறை இப்படி வேண்டுமென்றே மூடிப் பாருங்கள்.

டம்ப்ஸ் படிச்சா சீக்கிரம் பாஸ் ஆகலாம்னு சொல்றாங்களே?

வேண்டாம். டம்ப் என்பது உண்மையான தேர்வுக் கேள்விகளைத் திருடி வைத்த தொகுப்பு. தேர்வு தொடங்கும் முன் கேள்விகளை வெளியிட மாட்டேன் என்ற ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போகிறோம். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யவும், இனி எழுதவிடாமல் தடை போடவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதில் உள்ள விடைகளிலும் தவறு மலிந்து கிடக்கும், மனப்பாடம் செய்தவருக்கு அது தவறு என்று தெரியவே வழியில்லை. மேலே பார்த்தபடி ஒரு சொல் மாறினாலே விடை மாறும் தேர்வு இது.

விளக்கத்தோடு வரும் மாதிரித் தேர்வுகள் வேறு. அவற்றைக் கேள்வி தயாரிப்பவர்களே சொந்தமாக எழுதுகிறார்கள். அதிகாரப்பூர்வ மாதிரிக் கேள்விகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, முதலில் அவற்றை எடுங்கள்.

720 எடுத்தா பாஸ்னா, 72 சதவீதம் சரியா எழுதணுமா?

அப்படி நேர்க்கணக்கு கிடையாது. கேள்வித்தாளுக்குக் கேள்வித்தாள் கடினம் மாறும், அதைச் சமன் செய்து அளவிடப்பட்ட மதிப்பெண் அது. அசூரின் 700-உம் அப்படித்தான். ஏ.டபிள்யூ.எஸ். அசோசியேட்டின் 65 கேள்விகளில் 15-க்கு மதிப்பெண்ணே கிடையாது, எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள். எவை என்று நமக்குத் தெரியாது. அதனால் விசித்திரமான ஒரு கேள்வி வந்தால் அதிலேயே மனம் உடைந்து நிற்காதீர்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள். "இரண்டைத் தேர்ந்தெடு" வகைக் கேள்வியில் இரண்டும் சரியாக இருந்தால்தான் ஏ.டபிள்யூ.எஸ். மதிப்பெண் தரும்.

வீட்ல இருந்து எழுதறதா, சென்டருக்குப் போறதா?

சென்டர் பக்கத்தில் இருந்தால் சென்டருக்கே போங்கள். வீட்டில் எழுத மேசை வெறுமையாக இருக்க வேண்டும், இரண்டாவது திரை கூடாது, அறைக்குள் யாரும் வரக்கூடாது. கேள்வியை வாய்விட்டுப் படித்தாலே எச்சரிப்பார்கள். எழுதிப் பார்க்கக் காகிதம் கிடையாது, திரையிலேயே ஒரு பலகை தருவார்கள். படம் வரைந்து யோசிக்கிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். வீட்டில்தான் முடியும் என்றால், எழுதப்போகும் அதே கணினியில், அதே இணைப்பில், முந்தைய நாள் சோதனை ஓட்டம் செய்துவிடுங்கள். அலுவலகக் கணினியில் உள்ள பாதுகாப்பு மென்பொருள் தேர்வு மென்பொருளைத் தடுத்துவிடலாம்.

எங்கே எழுதினாலும், பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். முதலெழுத்து ஓரிடத்தில் சுருக்கமாகவும் இன்னோரிடத்தில் விரிவாகவும் இருந்தால் பதிவு செய்யும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

இங்கிலீஷ்ல வேகமா படிக்க வராது. நேரம் பத்துமா?

130 நிமிடத்தில் 65 கேள்வி என்றால் கேள்விக்கு 2 நிமிடம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஏ.டபிள்யூ.எஸ். 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. தேர்வைப் பதிவு செய்யும் முன்பே கணக்கில் கேட்டு வாங்க வேண்டும், ஒருமுறை வாங்கினால் அடுத்த தேர்வுகளுக்கும் செல்லும். தகுதியிருந்தும் இதைக் கேட்காமல் போய், கடைசிப் பத்துக் கேள்விகளைப் படிக்காமலே குறித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாசிக்கும் முறையையும் மாற்றுங்கள். முதலில் கடைசி வரி, அதில்தான் கட்டுப்பாடு இருக்கும். அப்புறம் விடைகள், அவை எதில் வேறுபடுகின்றன என்று மட்டும். கடைசியில் கதை. இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஒரு கேள்வி இழுத்தால் ஏதாவது ஒன்றைக் குறித்து, கொடி போட்டுவிட்டு நகருங்கள். அசூரில் சில பகுதிகளை விட்டு நகர்ந்தால் திரும்ப முடியாது, அந்த எச்சரிக்கை திரையில் வரும், நிதானமாகப் படியுங்கள்.

அசூர் தேர்வுல புத்தகத்தைப் பார்த்து எழுதலாமாமே?

மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தைத் தேர்வுக்குள்ளேயே திறக்கலாம், 2023-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. அடிப்படைத் தேர்வுகளில் கிடையாது, அசோசியேட், எக்ஸ்பர்ட் நிலைகளில் மட்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அளவையோ விதியையோ உறுதிசெய்ய இரண்டு மூன்று முறை திறக்கலாம், அங்கே போய்ப் படிக்க ஆரம்பித்தால் நேரம் கரைந்துவிடும். பக்கம் எங்கே இருக்கும் என்று முன்பே பழகியவருக்குத்தான் அது பயன்படும்.

ஃபெயில் ஆயிட்டேன். மறுபடி எப்போ எழுதலாம்?

ஏ.டபிள்யூ.எஸ்.-இல் 14 நாள் கழித்து, எத்தனை முறை வேண்டுமானாலும், ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். அசூரில் முதல் தோல்விக்குப் பிறகு 24 மணி நேரம், அடுத்தடுத்தவற்றுக்கு 14 நாள், 12 மாதத்தில் ஐந்து முறைதான். கூகுளில் முதல் முறைக்குப் பிறகு 14 நாள், இரண்டாவதுக்குப் பிறகு 60 நாள், மூன்றாவதுக்குப் பிறகு ஓர் ஆண்டு.

அனுமதிக்கிறார்கள் என்பதற்காக மறுநாளே எழுதாதீர்கள். வெளியே வந்த அரைமணிக்குள், எந்தத் தலைப்புகளில் தடுமாறினீர்கள் என்று உங்களுக்காக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், கேள்விகளை அல்ல, தலைப்புகளை. ஏ.டபிள்யூ.எஸ்., அசூர் மதிப்பெண் அறிக்கைகளில் எந்தப் பகுதி பலவீனம் என்று இருக்கும். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த மூன்று வாரத்துக்கான பாடம் தெரிந்துவிடும்.

அசோசியேட் முடிச்சுட்டேன். புரொஃபெஷனல் ரொம்பக் கஷ்டமா?

பாடம் ஒரு மடங்கு கூடும், வாசிப்பு மூன்று மடங்கு கூடும். ஒவ்வொரு கேள்வியும் நீளமான கதை, பல கணக்குகள், பழைய தரவு மையத்திலிருந்து இடம்பெயர்வு, எவ்வளவு நேரத்துக்குள் மீள வேண்டும், எவ்வளவு தரவை இழக்கலாம் என்று. மூன்று மணி நேரம் கவனம் சிதறாமல் இருக்கப் பழக வேண்டும். தேர்வுக்கு முன் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளையாவது நடுவில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். கூகுளின் புரொஃபெஷனல் ஆர்க்கிடெக்ட் தேர்வில் வரும் கேஸ் ஸ்டடிகளை அவர்களே முன்கூட்டி வெளியிடுகிறார்கள். அவற்றைப் படிக்காமல் போவது கையில் கொடுத்ததை வேண்டாமென்பது போல.

சர்டிஃபிகேட் எத்தனை வருஷம் செல்லும்?

ஏ.டபிள்யூ.எஸ். 3 ஆண்டு. கூகுள் அசோசியேட் 3, புரொஃபெஷனல் 2. அசூரில் அடிப்படைக்குக் காலாவதி இல்லை, மேல் நிலைகள் ஓராண்டு, முடியும் முன் ஆறு மாதத்துக்குள் இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். ஏ.டபிள்யூ.எஸ்.-இல் ஆர்க்கிடெக்ட் புரொஃபெஷனல் தேறினால் கீழே உள்ள ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டும் தானாகப் புதுப்பிக்கப்படும்.

அனுபவமே இல்ல, சர்டிஃபிகேட் மட்டும் இருக்கு. இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

"நீங்கள் என்ன கட்டினீர்கள்?" என்று கேட்பார்கள். சான்றிதழ் உங்களை அந்த நாற்காலி வரை கொண்டுவரும், அதற்கப்புறம் இந்தக் கேள்விதான். ஆகவே படிக்கும்போதே சின்னதாக ஒன்றைக் கட்டி வையுங்கள். இரண்டு சப்நெட், ஒரு தளம், ஒரு டேட்டாபேஸ், ஒரு காப்புப்பிரதி போதும். படத்தைக் கையால் வரைந்து, ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தீர்கள், வேறு எதை ஏன் விட்டீர்கள், மாதச் செலவு எவ்வளவு வந்தது என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செலவைச் சொல்லத் தெரிந்தவரைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஏ.சி.எல்.-ஐ மூடி வைத்துவிட்டுத் தளம் ஏன் திறக்கவில்லை என்று தேடிய அந்த மாலையைச் சொல்லலாம்.